கைபேசியில் டிராக்கர் இசை: நான்கு சேனல் பாட்டைத் தொடுதிரையில் எழுத முடியுமா?

#1 மின்மினி64

எல்லோருக்கும் வணக்கம். பழைய அமிகா கணினி, கேம்பாய் விளையாட்டுக் கருவி காலத்து இசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்பது போதும், இனி எழுதிப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். கையில் கணினி இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றும் புளூடூத் இயர்போன் ஒன்றும்தான் இருக்கின்றன.

டிராக்கர் என்பது சுரங்களை வரிவரியாக இட்டு இசை எழுதும் மென்பொருள் என்று தெரியும். எண்கள் மேலிருந்து கீழே ஓடும் அந்தத் திரை கைபேசியில் வேலைக்கு ஆகுமா, அல்லது கணினி வாங்கும் வரை காத்திருக்க வேண்டுமா? இரண்டாவது கேள்வி: நான்கே சேனலில் (ஒரு நேரத்தில் ஒரே ஒலி தரும் தடம்) முழுக் கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது) வாசிப்பது போல ஒரு படபடப்பு கேட்கிறதே, அதை எப்படிச் செய்கிறார்கள்? மூன்றாவது, புளூடூத்தில் ஒலி தாமதமாக வருகிறது. இதை வைத்துக்கொண்டு இசை எழுத முடியுமா?

#2 ஹெக்ஸ்மணி

வாங்க மின்மினி. காத்திருக்க வேண்டாம், இன்றே தொடங்குங்கள்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கைபேசியில் இசை செய்யும் பலர் தவிப்பது தாமதத்தால்தான். திரையில் விசையைத் தட்டியதும் ஒலி வர வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தாளம் கையை விட்டுப் போகும். டிராக்கரில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கே நீங்கள் வாசிப்பதே இல்லை. எழுதுகிறீர்கள். எந்த வரியில் எந்தச் சுரம், எவ்வளவு ஒலியளவு, என்ன கட்டளை என்று இட்டுவைக்கிறீர்கள். காலக்கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. புளூடூத் கால் நொடி பிந்தினாலும் வரிகளுக்கு இடையிலான இடைவெளி மாறாது. திரையில் ஓடும் குறி ஒலியை முந்திப் போவது போலத் தெரியும், அவ்வளவுதான். இசை எழுதும் முறைகளில் கைபேசிக்கு இவ்வளவு பொருந்துவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சுருதியும் ஒலியளவும் நுணுக்கமாகக் கேட்க வேண்டிய கட்டத்தில் மட்டும் கம்பி ஹெட்போனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

செயலி என்றால் என் பரிந்துரை சன்வாக்ஸ். அலெக்ஸாண்டர் ஸோலோடோவ் என்பவர் தனியாளாக உருவாக்கி வருவது. ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் காசு கொடுத்து வாங்க வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் பதிப்புகள் இலவசம். நாளைக்கு உங்களுக்குக் கணினி கிடைத்தால் அதே கோப்பை அங்கே அப்படியே திறக்கலாம். வெறும் சாம்பிள் (பதிந்த ஒலித்துண்டு) டிராக்கர் மட்டுமல்ல இது. ஜெனரேட்டர் (ஒலி அலையை உருவாக்குவது), ஃபில்டர், டிலே என்று தொகுதிகளைக் கம்பி போட்டு இணைத்து ஒலியை நீங்களே கட்டலாம். முதல் நாள் திரையைப் பார்த்தால் மிரட்டும். ஒரு ஜெனரேட்டரை மட்டும் வைத்து ஒரே ஒரு பேட்டர்ன் (சில வரிகள் கொண்ட பாட்டுத் துண்டு) எழுதுங்கள், மிரட்சி போய்விடும்.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால் அதே ஆள் செய்த பிக்ஸிடிராக்கர் இருக்கிறது. வசதி குறைவு, வேகம் அதிகம். யோசனை வந்தவுடன் குறித்துவைக்க நல்லது.

#3 பொத்தான்காதலன்

ஹெக்ஸ்மணி சொன்ன தாமதக் கணக்கு சரி. தொடுதிரை விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை.

டிராக்கரின் உயிர் வேகத்தில் இருக்கிறது. கணினியில் இசட் வரிசை கீழ் ஆக்டேவ், கியூ வரிசை மேல் ஆக்டேவ். அம்புக்குறி விசையால் நகர்ந்து, பார்க்காமலே சுரங்களைத் தட்டிக்கொண்டு போவார்கள். கண் இசை மேல் இருக்கும், விரல் தானாகப் போகும். கண்ணாடித் திரையில் விரலுக்குத் தடம் கிடையாது. ஒவ்வொரு தட்டலுக்கும் பார்த்தாக வேண்டும். சின்னக் கட்டத்தைக் குறிவைத்தால் பக்கத்துக் கட்டம் மாறும். இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் வழி வேறு. எல்எஸ்டிஜே என்று கேம்பாய்க்காகவே எழுதப்பட்ட டிராக்கர் இருக்கிறது, யோஹான் கொட்லின்ஸ்கி செய்தது. அதைக் கைபேசியில் ஒரு கேம்பாய் எமுலேட்டரில் (கேம்பாயைப் போல நடந்துகொள்ளும் செயலி) ஓட்டுங்கள், கூடவே ஒரு புளூடூத் கேம்பேட் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருள் முழுவதும் எட்டே பொத்தான்களுக்காக வடிவமைக்கப்பட்டது. திசைப் பொத்தானும் இன்னொரு பொத்தானும் சேர்த்து அழுத்தினால் சுரம் மாறும், ஆக்டேவ் மாறும், திரை மாறும். கை பழகிவிட்டால் மனதில் ஓடும் மெட்டு அப்படியே திரையில் இறங்கும்.

எழுதும் முறையும் சிக்கனமானது. 16 படி கொண்ட ஃபிரேஸ், ஃபிரேஸ்களைக் கோத்தால் செயின், செயின்களை அடுக்கினால் பாட்டு. ஒரு பேஸ் ஃபிரேஸை ஒருமுறை எழுதி, செயினில் அதையே வேறு சுருதிக்கு ஏற்றி இறக்கி முழுப் பாட்டுக்கும் ஓட்டலாம்.

எமுலேட்டரில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்எஸ்டிஜே தன் பாடல்களைக் கார்ட்ரிட்ஜின் சேமிப்பு நினைவகத்தில், அதாவது எமுலேட்டரின் சேவ் கோப்பில் வைக்கிறது. எமுலேட்டரில் ‘ஸ்டேட்’ என்று இன்னொரு சேமிப்பு உண்டு. பழைய ஸ்டேட்டைத் திறந்தால் அந்த நேரத்து நினைவகமும் சேர்ந்து திரும்பி வரும். அதற்குப் பிறகு எழுதிய பாட்டெல்லாம் போய்விடும். ஸ்டேட் பக்கம் போகவே போகாதீர்கள். பாட்டை எல்எஸ்டிஜேயின் உள்ளேயே சேமித்து, சேவ் கோப்பை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

#4 நான்குதடம்

இருவரும் கருவியைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். அந்தப் படபடப்புக் கார்டு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதுதான் டிராக்கர் இசையின் மையம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகாவுக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கரை வெளியிட்டார். அமிகாவின் ஒலிச் சில்லுக்குப் பெயர் பாலா. நான்கு சேனல், 8 பிட் சாம்பிள். இரண்டு சேனல் முழுக்க இடது பக்கம், இரண்டு முழுக்க வலது பக்கம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரே ஒலி. இப்போது மூன்று சுரக் கார்டு வேண்டுமென்றால் மூன்று சேனல் போய்விடும். மிஞ்சும் ஒன்றில் தாளமா, பேஸா, மெட்டா?

விடை டிக் என்ற அலகில் இருக்கிறது. ஒரு வரி என்பது பிரிக்க முடியாத ஒரு நொடித்துளி இல்லை. வழக்கமான வேகம் 6 என்றால் ஒரு வரிக்குள் 6 டிக் இருக்கும். வழக்கமான டெம்போ 125-இல் நொடிக்கு 50 டிக் ஓடும். அதாவது ஒரு டிக் 20 மில்லிநொடி, ஒரு வரி 120 மில்லிநொடி, நான்கு வரி சேர்ந்தால் ஒரு தட்டு (பீட்).

ஆர்பெஜியோ கட்டளை என்ன செய்கிறது என்றால், ஒவ்வொரு டிக்கிலும் சுரத்தை மாற்றுகிறது. புரோடிராக்கர் என்ற அமிகா டிராக்கரில் 047 (0 கட்டளை, 4-உம் 7-உம் மதிப்பு) என்று எழுதினால் முதல் டிக்கில் மூல சுரம், இரண்டாவதில் நான்கு அரைச்சுரம் மேலே, மூன்றாவதில் ஏழு அரைச்சுரம் மேலே, பிறகு மறுபடி மூலம். மேஜர் கார்டு ஒரே சேனலில் வந்துவிட்டது. 037 என்றால் மைனர். 20 மில்லிநொடிக்கு ஒருமுறை மாறுவதால் காது அதைத் தனித்தனிச் சுரமாகவும் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரே கார்டாகவும் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் கேட்ட படபடப்பு அதுதான்.

இதில் இன்னொரு நுட்பம். வேகம் 6 என்றால் மூன்று சுரமும் ஒரு வரிக்குள் சரியாக இரண்டு சுற்று வரும். வேகத்தை 5 அல்லது 7 என்று வைத்தால் சுற்று முடியும் முன்பே வரி முடிந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் மூலம் ஒருமுறை நெருக்கமாக மறுபடி விழும், கார்டு நொண்டும். சில பாட்டுக்கு அந்த நொண்டலே அழகாக இருக்கும். சீராக வேண்டும் என்றால் மூன்றால் வகுபடும் வேகத்தில் எழுதுங்கள்.

#5 மின்மினி64

நான்குதடம், மிக்க நன்றி. பல நாளாக மண்டையைக் குடைந்த விஷயம் இது. சன்வாக்ஸ் வாங்கி, ஒரு ஜெனரேட்டரை வைத்து, சுரத்துக்குப் பக்கத்தில் 047 போட்டேன். கார்டு வரவில்லை. வேறு ஏதாவது அமைப்பை இயக்க வேண்டுமா?

#6 ஹெக்ஸ்மணி

சன்வாக்ஸில் கட்டளைக்கும் மதிப்புக்கும் தனித்தனிக் கட்டம். ஆர்பெஜியோவுக்கு அங்கே எண் 08. கட்டளைக் கட்டத்தில் 08, மதிப்புக் கட்டத்தில் 0407 என்று இடுங்கள். முதல் இரண்டு இலக்கம் இரண்டாவது சுரம், அடுத்த இரண்டு மூன்றாவது சுரம். புரோடிராக்கரில் ஒவ்வொன்றுக்கும் ஒரே இலக்கம்தான், அதனால் 15 அரைச்சுரத்துக்கு மேல் போக முடியாது. இங்கே அந்த எல்லை இல்லை. 0C13 என்று ஆக்டேவ் தாண்டியும் தாவலாம்.

சுருதியை மேலே இழுப்பது 01, கீழே இழுப்பது 02, அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போவது 03, வைப்ரேட்டோ 04. இவை பழைய டிராக்கர்களில் இருப்பது போலவே இருக்கின்றன.

எண்கள் ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) என்பதால் 10 என்றால் பதினாறு, 20 என்றால் முப்பத்திரண்டு, 40 என்றால் அறுபத்து நான்கு. மாட் கோப்பில் (அமிகா டிராக்கர்களின் பாட்டுக் கோப்பு) உச்ச ஒலியளவு 40 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ‘நூற்றுக்கு நாற்பது’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அது முழு ஒலியளவு. அதில் பாதி 20, கால் 10. இந்த மூன்றும் மனதில் நின்றால் முதல் பாட்டை எழுதிவிடலாம்.

பொத்தான்காதலனுக்கு: தொடுதிரையில் கண் தேவை என்று நீங்கள் சொன்னது உண்மைதான். அதற்குச் சன்வாக்ஸிலேயே கொஞ்சம் வழி இருக்கிறது. அமைப்பில் திரை அளவைப் பெரிதாக்கலாம், கட்டங்கள் விரலுக்கு அகப்படும். ஒரு சுரம் இட்டதும் குறி எத்தனை வரி தாண்ட வேண்டும் என்றும் சொல்லிவைக்கலாம். நான்கு என்று வைத்துக்கொண்டால் கீழே இருக்கும் விசைகளைத் தட்டத் தட்டத் தட்டுக்கு ஒரு சுரமாக நிரம்பும். ஒரு புளூடூத் கீபோர்டை இணைத்தால் நீங்கள் சொல்லும் இசட் வரிசை, கியூ வரிசை எல்லாமே வந்துவிடும்.

#7 பொத்தான்காதலன்

கீபோர்டு இணைத்தால் கைபேசி ஒரு திரை மட்டும்தான், அது வேறு கதை! ஆனாலும் தாண்டும் வரியின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டு எழுதுவது நல்ல வழி. ஒத்துக்கொள்கிறேன்.

#8 இரைச்சல்ராணி

தாளம் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். நான்கு சேனலில் பாட்டு இளைத்துப் போவது பெரும்பாலும் தாளத்தால்தான். டிரம்மின் கிக்குக்கு ஒரு சேனல், ஸ்னேருக்கு ஒன்று, ஹைஹேட்டுக்கு ஒன்று என்று கொடுத்தால் பாட்டுக்கு என்ன மிஞ்சும்?

கிக்கையும் பேஸையும் ஒரே சேனலில் எழுதுங்கள். தட்டு விழும் வரியில் கிக், அடுத்த வரியில் பேஸ். கிக் அடித்த அந்த 120 மில்லிநொடியில் பேஸ் இல்லை என்று காது குறை சொல்லாது. கிக்கின் வால் கீழ் சுருதியில் முடிவதால் அது பேஸின் தொடக்கமாகவே கேட்கும். அதனால் கிக்கை நல்ல உயரத்தில் தொடங்கி, சுருதியைச் சட்டென்று கீழே இழுத்து, பேஸ் எந்தச் சுரமோ அதன் அருகில் கொண்டுபோய் விடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே ஒரு சேனல் மிச்சம்.

ஸ்னேரும் ஹைஹேட்டும் இரைச்சல் சேனலில். இரண்டுக்கும் ஒரே இரைச்சல்தான். நீளமும் உயரமும் மட்டும் வேறு. ஹைஹேட்டை ஒரு வரிக்குள்ளேயே வெட்டிவிடுங்கள். ஸ்னேர் இரண்டு, மூன்று வரி மெல்லத் தேயட்டும். ஸ்னேர் விழும் இடத்தில் ஹைஹேட் எழுதவே வேண்டாம், அது இருப்பதாகவே கேட்பவர் மனம் நிரப்பிக்கொள்ளும்.

ஹைஹேட்டின் ஒலியளவை எல்லா வரியிலும் ஒன்றாக வைக்காதீர்கள். 30, 10, 20, 10 என்று ஏற்ற இறக்கம் கொடுங்கள். எந்திரம் அடித்த தாளம் நடை போடத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

ஸ்விங் வேண்டுமென்றால் வரிக்கு வரி வேகத்தை மாற்றலாம். புரோடிராக்கரில் எஃப் என்பது வேகக் கட்டளை: எஃப்07, அடுத்த வரியில் எஃப்05, மறுபடி எஃப்07. சராசரி 6 என்பதால் டெம்போ மாறாது, நடை மட்டும் சாயும். இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் 8, 4. இடது கை, வலது கை என்று மாறி மாறி அடிப்பவர் கையின் நடை அதில் வரும்.

#9 தூயஅலை

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சன்வாக்ஸில் ரிவெர்ப், டிலே, 16 சேனல், ஸ்டீரியோ விரிவு எல்லாம் போட்டுவிட்டு அதை ரெட்ரோ என்று அழைப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த இசையின் தன்மை அந்தச் சில்லின் எல்லைகளிலிருந்து வந்தது. கேம்பாயில் இரண்டு பல்ஸ் சேனல், 32 புள்ளி கொண்ட 4 பிட் அலைக்கு ஒரு சேனல், இரைச்சலுக்கு ஒன்று. அவ்வளவுதான். எதிரொலி வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த உழைப்பு ஒவ்வொரு பாட்டிலும் கேட்கும்.

கைபேசியில் எல்லாம் கிடைக்கிறது என்பதாலேயே எல்லாவற்றையும் போட்டால், பழைய ஒலியின் மேல்பூச்சு மட்டும் மிஞ்சும்.

#10 நான்குதடம்

தூயஅலை, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, பாதிக்கு மேல் ஒத்தும் போகிறேன். ஆனால் அமிகாக் காலத்து ஆட்களே எல்லையை நீட்டிக்கொண்டுதான் போனார்கள். தொடக்கத்தில் 15 சாம்பிள், பிறகு 31. 1994-இல் பிசியில் ஃபாஸ்ட்டிராக்கர் 2 வந்தபோது 32 சேனல், அடுத்த வருடம் இம்பல்ஸ் டிராக்கரில் 64. அதையும் டிராக்கர் இசை என்றுதான் சொன்னார்கள், சொல்கிறோம்.

தொடங்குகிறவருக்கு எல்லை தேவை என்று நான் சொல்வது தூய்மைக்காக இல்லை. நான்கே சேனல் என்றால் ஒவ்வொரு வரியிலும் ‘இது இங்கே தேவையா’ என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியில்தான் இசையமைப்பு பழகுகிறது. பதினாறு சேனல் இருந்தால் கேட்காமலே அடுத்ததைச் சேர்ப்போம். கைபேசியில் இது இன்னும் பொருந்தும்: நான்கு பத்திகள் திரையின் அகலத்துக்குள் அடங்கும், பக்கவாட்டில் தள்ளித் தள்ளித் தேட வேண்டாம். நான்கு சேனலும் ஒரே பார்வையில் தெரிவது பெரிய பலம்.

எதிரொலியை எழுதுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெட்டை இரண்டாவது சேனலில் மூன்று வரி தள்ளி நகலெடுத்து, ஒலியளவை மூன்றில் ஒரு பங்காக்குங்கள். டெம்போ 125, வேகம் 6 என்றால் 360 மில்லிநொடி எதிரொலி. இரண்டாவது சேனல் இல்லையா? மெட்டில் காலியாக இருக்கும் வரிகளில் முந்தைய சுரத்தையே மெலிதாக இடுங்கள். மெட்டு நகரும்போது எதிரொலி தானாக ஒதுங்கிக்கொள்ளும், நிற்கும்போது பின்னால் வரும். ரிவெர்ப் எஃபெக்டால் இப்படி இடம் பார்த்து ஒதுங்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் தூயஅலை பக்கம் முழுதாக நிற்கிறேன்.

#11 தூயஅலை

அந்தக் கடைசிப் பத்திக்காக நன்றி. 64 சேனல் பாட்டுகளை நானும் விரும்பிக் கேட்பவன்தான். மின்மினி முதலில் நான்கில் எழுதட்டும் என்பதே என் வேண்டுகோள்.

#12 சாம்பிள்சேகரி

சில்லு ஒலியைப் பற்றியே பேச்சு போகிறது. அமிகா பாணி என்றால் சாம்பிள்தானே முக்கியம்? கைபேசியில் மைக் இருக்கிறது, அது பெரிய வாய்ப்பு. கதவு தட்டும் சத்தம், வாய்த் தாளம், கரண்டி ஓசை எதுவானாலும் பதிந்து தாளமாக்கலாம்.

பழைய ஒலி வருவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று 8 பிட், அதாவது 256 படிநிலை மட்டும். இன்னொன்று குறைந்த சாம்பிள் வேகம். ஐரோப்பிய பால் (PAL) வகை அமிகாவில் சி-2 சுரத்தில் ஒரு சாம்பிள் நொடிக்கு 8287 புள்ளி என்ற வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் பதிந்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் நிற்காது. குரலுக்கும் பேஸுக்கும் போதும், ஹைஹேட் செத்துவிடும். அதனால் ஹைஹேட்டை அதிக வேகத்தில் பதிந்து, டிராக்கரில் உயர்ந்த சுரத்தில் ஓட்டுவார்கள். ஏ-3 வரை போனால் நொடிக்கு ஏறக்குறைய 28,000 புள்ளி கிடைக்கும்.

8 பிட்டுக்கு மாற்றும் முன் ஒலியை உச்சம் வரை ஏற்றிவிடுங்கள். மெலிதான பதிவை அப்படியே 8 பிட்டாக்கினால் அந்த 256 படியில் பத்துப் பதினைந்தைத்தான் பயன்படுத்தும். மீதி வெறும் கரகரப்பு.

சன்வாக்ஸ் சாம்பிளரில் இன்டர்பொலேஷன் என்று ஓர் அமைப்பு உண்டு. புள்ளிகளுக்கு இடையே வழவழப்பாக நிரப்புவது அது. அதை நிறுத்திவிட்டால் பழைய கூர்மை வந்துவிடும். டிஸ்டார்ஷன் தொகுதியில் பிட் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்கும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, அதையும் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், சாம்பிளையே சில்லாக்கும் வித்தை. 32 புள்ளியில் ஒரே ஒரு அலைச் சுற்றை வரைந்து, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் 8287-ஐ 32-ஆல் வகுத்து ஏறக்குறைய 259 ஹெர்ட்ஸ். நடு சி சுரத்துக்கு மிக அருகில், சற்றே தாழ்ந்து. ஃபைன்டியூன் கொஞ்சம் ஏற்றினால் சுருதி சேரும். ஒரு முழு வாத்தியம் 32 பைட்டில்! பின்னாளில் சிப்டியூன் என்று பெயர் பெற்றது இப்படிக் குட்டி அலைகளால் எழுதிய அமிகா பாட்டுகள்தான்.

#13 மின்மினி64

இரைச்சல்ராணி சொன்னபடி கிக்கையும் பேஸையும் சேர்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. 08-உம் வேலை செய்கிறது. ஒரு சந்தேகம். ஹெட்போனில் கனமாகக் கேட்கும் பேஸ், கைபேசி ஸ்பீக்கரில் போட்டால் இருக்கும் இடம் தெரியவில்லை. முக்கோண அலையில் எழுதினேன். என்ன செய்யலாம்?

#14 இரைச்சல்ராணி

கைபேசி ஸ்பீக்கர் மிகச் சிறியது, கீழ் அதிர்வுகளைத் தள்ள அதால் முடியாது. முக்கோண அலையில் அடிச்சுரத்துக்கு மேல் இருக்கும் துணை அதிர்வுகள் வேகமாக மெலிந்துவிடும். அடிச்சுரம் ஸ்பீக்கரில் போனால் எல்லாமே போன மாதிரி.

பேஸைப் பல்ஸ் அலைக்கு மாற்றுங்கள். அதில் துணை அதிர்வுகள் நிறைய. அடிச்சுரம் ஒலிக்காவிட்டாலும் துணை அதிர்வுகளைக் கேட்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அகலத்தை 50 சதவீதம் வைத்தால் உருண்டையாக, 25 வைத்தால் மூக்கால் பேசுவது போல, 12.5 வைத்தால் ஒல்லியாகக் கேட்கும். பேஸுக்கு 25, மெட்டுக்கு 50, அல்லது நேர்மாறாக. இரண்டுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் ஒன்றை ஒன்று விழுங்கும். சன்வாக்ஸ் ஜெனரேட்டரில் டியூட்டி சைக்கிள் என்று இருப்பது இதுதான். பாலிஃபோனியை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை) 1 ஆக்க மறக்காதீர்கள். பழைய சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் மேல் தொங்கினால் சில்லு ஒலி கலங்கிவிடும்.

முக்கோணம்தான் வேண்டுமென்றால் ஓர் ஆக்டேவ் மேலே எழுதுங்கள்.

#15 ஹெக்ஸ்மணி

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பேட்டர்னைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தால் அது பாட்டாக வளராது. காது அதில் ஊறிவிடும், பிறகு எந்த மாற்றமும் தப்பாகவே படும். முதல் பேட்டர்ன் பாதி நிறைந்ததும் அதை நகலெடுத்து நான்காக்குங்கள். இரண்டாவதில் பேஸை நகர்த்துங்கள், மூன்றாவதில் மெட்டை நிறுத்துங்கள், நான்காவதில் தாளத்தை உடையுங்கள். மோசமாக இருந்தாலும் பாட்டின் எலும்பு தெரிந்துவிடும்.

சன்வாக்ஸில் பேட்டர்ன்களைக் காலக்கோட்டில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், நீளமும் வேறுவேறாக இருக்கலாம். தாளத்துக்கு 64 வரி, மேலே ஓடும் ஆர்பெஜியோவுக்கு 48 வரி என்று வைத்துப் பாருங்கள். 192 வரி போன பிறகுதான் இரண்டும் ஒரே இடத்தில் மறுபடி தொடங்கும். எழுதியது கொஞ்சம், கேட்பது நிறைய. மாட் கோப்பில் இது முடியாது, அங்கே நான்கு சேனலும் ஒரே பேட்டர்னில் கட்டுண்டவை. இங்கே குளோன் என்றும் ஒரு வசதி உண்டு: ஒன்றைத் திருத்தினால் அதன் குளோன்கள் எல்லாமே திருந்தும். பேஸ் பேட்டர்னைக் குளோனாக வையுங்கள், மெட்டை நகலாக வையுங்கள்.

#16 சாம்பிள்சேகரி

படிப்பதற்கு எது என்று யாராவது கேட்டால் என் விடை எப்போதும் ஒன்றுதான்: மற்றவர்கள் எழுதிய மாட்யூல்களை (டிராக்கர் பாட்டுக் கோப்புகள்) திறந்து பாருங்கள். மாட் ஆர்க்கைவ் தளத்தில் ஏராளமாக இருக்கின்றன. மாட், எக்ஸ்எம் கோப்புகளைச் சன்வாக்ஸே திறக்கும். சில கட்டளைகள் சற்று மாறி ஒலிக்கலாம், ஆனால் எழுத்து முழுவதும் கண்முன் இருக்கும். எம்பி3-யில் முடிந்துபோன இசைதான் கிடைக்கும். மாட்யூலில் ஒவ்வொரு சுரமும், ஒவ்வொரு சாம்பிளும், எந்த வரியில் எதைத் தியாகம் செய்தார் என்பதும் தெரியும். மூன்று சேனலை நிறுத்தி ஒன்றை மட்டும் கேளுங்கள். நிறைவாக ஒலித்த பாட்டில் ஒவ்வொரு சேனலும் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று அப்போது தெரியும்.

சாம்பிள் பெயர்களையும் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 22 எழுத்து இடம் உண்டு. எழுதியவர்கள் அதில் வாத்தியப் பெயரை எழுதாமல் நண்பர்களுக்கு வாழ்த்தும் பாட்டைப் பற்றிய குறிப்பும் எழுதிவைப்பார்கள்.

#17 மின்மினி64

எல்லோருக்கும் நன்றி. நான்கு பேட்டர்ன் ஆகிவிட்டது, மெட்டுக்கு எதிரொலியும் எழுதிவிட்டேன். அமிகா மாதிரி இரண்டு சேனலை இடது, இரண்டை வலது என்று முழுக்கப் பிரித்தேன். ஸ்பீக்கரில் பரவாயில்லை, ஹெட்போனில் தலை வலிக்கிறது. பாட்டை வெளியே எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக என்ன கவனிக்க வேண்டும்?

#18 நான்குதடம்

முழுப் பிரிவு அமிகாவின் கம்பி அமைப்பால் வந்தது. எதிரெதிரே வைத்த இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் அறைக்குள் ஒலி கலந்துவிடும், ஹெட்போனில் கலக்க வழியில்லை. இன்றைய மாட் பிளேயர்கள் பலவற்றிலும் பிரிவைக் குறைக்கும் அமைப்பு அதற்காகவே இருக்கிறது. பேஸும் கிக்கும் நடுவில் இருக்கட்டும். மெட்டைக் கொஞ்சம் இடது, அதன் எதிரொலியைக் கொஞ்சம் வலது. பாதிக்கு மேல் தள்ள வேண்டாம்.

#19 ஹெக்ஸ்மணி

வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், எம்பி3 தேவையென்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கடைசிச் சுரத்துக்குத் தேயும் வால் இருந்தால் பாட்டின் முடிவில் ஒரு காலி பேட்டர்ன் சேருங்கள், இல்லாவிட்டால் வால் நறுக்கென்று வெட்டுப்படும். விளையாட்டுக்காக வளையமாக ஓட வேண்டிய பாட்டு என்றால் காலி பேட்டர்ன் கூடாது. கடைசி வரியும் முதல் வரியும் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மிக முக்கியமானது: ஆண்ட்ராய்டில் செயலிக்கென்று ஒதுக்கிய கோப்புறையில் இருக்கும் பாட்டு, செயலியை நீக்கினால் அதோடு அழிந்துவிடும். ஐஓஎஸ்ஸிலும் அப்படித்தான். வேவ் கோப்பை மட்டும் எடுத்து வைத்தால் போதாது, சன்வாக்ஸ் கோப்பையும் சேர்த்து வெளியே நகலெடுங்கள். அனுப்பும்போது இங்கேயும் அந்தக் கோப்பைப் போடுங்கள், வேவை விட அதைத் திறந்து பார்க்கத்தான் எங்களுக்கு ஆசை.

#20 பொத்தான்காதலன்

போடுங்கள் மின்மினி. உங்கள் பேஸ் சேனலை நான் எல்எஸ்டிஜேயில் எழுதிப் பார்க்கிறேன். ஆர்பெஜியோ வேகத்தையும் குறிப்பிட்டுவிடுங்கள்.